மார்ச் முதல் திங்கள்: இலினாய்ஸ் பக்கமே வராத புலாஸ்கிக்கு இலினாய்ஸில் விடுமுறை ஏன்?

ஏரிக்கரை:
கேள்வியை நேராகவே கேட்டுவிடுகிறேன். மார்ச் மாத முதல் திங்கட்கிழமை சிகாகோ பொது நூலகம் மூடல், குக் கவுண்டி அலுவலகங்கள் மூடல். ஆனால் தபால் வருகிறது, வங்கி திறந்திருக்கிறது, என் அலுவலகமும் வழக்கம்போல் உண்டு. காரணம் கேட்டால் கசிமிர் புலாஸ்கி தினம் என்கிறார்கள். தேடிப் பார்த்தேன், போலந்துக்காரர், அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டையிட்டு 1779இல் ஜார்ஜியாவில் சவானா நகரத்து முற்றுகையில் அடிபட்டு இறந்தவர். இலினாய்ஸில் அவர் கால் பட்டதே இல்லை, அவர் இறந்தபோது இப்படி ஒரு மாநிலமே கிடையாது, அது உருவானது 1818இல். ஜார்ஜியாக்காரன் அன்றைக்கு வேலைக்குப் போகிறான், இங்கே நூலகத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். என்ன கணக்கு இது?

ரயில்வாசி:
தேர்தல் வாக்குதான் சார், வேறென்ன. போலிஷ் மக்கள் குடியேறிய மில்வாக்கி அவென்யூவில் ஒரு நடை போய்விட்டு வாருங்கள், காரணம் தானாக விளங்கிவிடும். விடுமுறை மட்டுமா? நகரத்தின் தெற்கு வடக்காக ஓடும் புலாஸ்கி ரோடு இருக்கிறது. சிடிஏ என்ற நகரப் போக்குவரத்து ரயிலில் ப்ளூ, கிரீன், பிங்க், ஆரஞ்சு என நான்கு பாதைகளிலும் புலாஸ்கி என்று ஒரு நிலையம். யாரிடமாவது "புலாஸ்கியில் இறங்கிவிடு" என்று சொன்னால், எந்தப் புலாஸ்கி என்று திருப்பிக் கேட்பார்கள்.

வடக்குப் பக்கம்:
வாக்கு என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போவது சுலபம் அண்ணே. அந்த ஆள் யார் என்றும் கொஞ்சம் பாருங்கள்.

1745இல் வார்சாவில் பிறந்தவர். ரஷ்யா போலந்து அரசியலைக் கைக்குள் வைத்திருந்த காலம். அதை எதிர்த்து 1768இல் பார் என்ற ஊரில் பிரபுக்கள் ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள், தொடங்கியவர்களில் இவருடைய அப்பா யூசெஃப் புலாஸ்கி ஒருவர். மகன் இருபதுகளின் தொடக்கத்திலேயே குதிரைப்படையோடு காடு மேடெல்லாம் சுற்றிச் சண்டையிட்டவர். செஸ்டஹோவாவில் யாஸ்னா கூரா மடாலயத்தை ரஷ்யப் படையிடமிருந்து காத்து நின்றதில்தான் ஐரோப்பா முழுக்கப் பெயர் பரவியது. அப்புறம் 1771இல் மன்னர் ஸ்டனிஸ்வாவ் அகஸ்டைக் கடத்த ஒரு முயற்சி நடந்து தோற்றது. பழி இவர் மேல் விழுந்தது. ஆள் இல்லாமலேயே விசாரித்து மரண தண்டனை விதித்துவிட்டார்கள். துருக்கிப் பக்கம் போனார், அங்கும் சரிப்படவில்லை, பிரான்சுக்கு வந்தார், கடன் கட்ட முடியாமல் மார்சேயில் சிறையிலும் இருந்தார்.

அந்த நிலையில்தான் பாரிஸில் அமெரிக்கப் பிரதிநிதியாக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இவரைப் பற்றிப் படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறார். 1777 ஜூலையில் மாசசூசெட்ஸில் வந்து இறங்குகிறார். இரண்டே மாதம், செப்டம்பர் 11, பிராண்டிவைன் சண்டை. அமெரிக்கப் படை உடைந்து ஓடுகிறது. இவருக்கு அப்போது பதவி எதுவும் கிடையாது. வாஷிங்டனின் மெய்க்காவல் குதிரை வீரர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சிதறி ஓடியவர்களையும் திரட்டிச் சேர்த்து, எதிரி மேல் பாய்ந்து தாமதப்படுத்தியதால்தான் பின்வாங்கும் வழி அடைபடாமல் தப்பியது. அதற்கு நான்காம் நாள் பிரிகேடியர் ஜெனரல், குதிரைப்படைக்கே தலைவர். அந்தப் படை அன்றைக்கு முழுதாகச் சிக்கியிருந்தால் போர் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவருக்கு ஒரு திங்கட்கிழமை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பழைய பேப்பர்:
வடக்குப் பக்கம் தம்பி, எழுதியது எல்லாம் சரி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாய். பிராண்டிவைனுக்கு அப்புறம் என்ன நடந்தது என்றும் சொல்லவேண்டும் அல்லவா?

குதிரைப்படைத் தலைவர் பதவி சில மாதங்கள்தான் நிலைத்தது. ஆங்கிலம் தெரியாது. கீழே இருந்த அதிகாரிகள் ஒரு வெளிநாட்டுக்காரனிடம் உத்தரவு வாங்கத் தயாராக இல்லை. அவர்களில் ஒருவரான ஸ்டீஃபன் மோய்லன், புலாஸ்கியின் ஆளான ஒரு போலந்து அதிகாரியை அடித்தே விட்டார். ராணுவ நீதிமன்றத்துக்குப் போனது, மோய்லனை விடுவித்துவிட்டார்கள். (மோய்லனும் அயர்லாந்தில் பிறந்தவர்தான், வந்தேறிகளுக்குள் சண்டை.) 1778 மார்ச்சில் புலாஸ்கி பதவியை விட்டார். பிறகு அமெரிக்க காங்கிரஸ் அவருக்குத் தனியாக ஒரு படை திரட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தது, 68 குதிரை வீரர்கள், 200 காலாட்கள். பால்டிமோரில் ஆள் சேர்த்தார். அரசு கொடுத்த பணம் போதாமல் சொந்தப் பணத்தையும் போட்டார், அப்புறம் கணக்குக் காட்டு, ரசீது காட்டு என்று காங்கிரஸ் கணக்கர்கள் இவரைப் பிடுங்கி எடுத்தார்கள். இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் இதைப் பற்றி வெடித்துப்போய் காங்கிரஸுக்கு ஒரு கடிதமே எழுதியிருக்கிறார்.

அந்தப் படையின் கதையும் பெரிய வெற்றிக் கதை இல்லை. 1778 அக்டோபரில் நியூஜெர்சியின் லிட்டில் எக் ஹார்பரில் ஓடிப்போன ஒருவன் காட்டிக்கொடுக்க, இரவில் தூங்கிக்கொண்டிருந்த இவருடைய காலாட்களைப் பிரிட்டிஷார் குத்திக் கொன்றார்கள். 1779 மே மாதம் சார்லஸ்டன் வாசலில் இன்னொரு அடி, படையின் கர்னலாக இருந்த ஹங்கேரிக்காரர் மைக்கேல் கோவாட்ஸ் அங்கேதான் விழுந்தார். அக்டோபர் 9 சவானா, அதுவும் தோல்வி. புலாஸ்கிக்கு வயது 34.

இதையெல்லாம் அவரைச் சிறுமைப்படுத்தச் சொல்லவில்லை. வீரம் உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் போர்க்கள வெற்றிக்காகத்தான் விடுமுறை என்றால், அந்தப் போரில் இவரைவிட அதிகம் சாதித்த பலருக்கு ஒரு அரை நாள்கூடக் கிடையாதே. விடுமுறை எப்படி வந்தது என்று பார்க்க 18ஆம் நூற்றாண்டை விட்டுவிட்டு 20ஆம் நூற்றாண்டுக்கு வரவேண்டும்.

போலந்து 1795இலிருந்து 1918 வரை வரைபடத்திலேயே இல்லை. அந்தக் காலத்தில்தான் இங்கே லட்சக்கணக்கில் வந்தார்கள், இறைச்சிக்கூடத்திலும் இரும்பு ஆலையிலும் வேலை. "நீ யார், நேற்று வந்தவன்" என்று எவனாவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும், இந்த நாடு உருவான போரிலேயே எங்கள் ரத்தம் இருக்கிறது என்று. புலாஸ்கி அதற்குத் தோதான ஆள். 1910 மே 11 அன்று வாஷிங்டன் நகரில் இவருக்கும், அதே போரில் பங்கெடுத்த இன்னொரு போலந்துக்காரரான கோசியுஷ்கோவுக்கும் ஒரே நாளில் சிலை திறந்தார்கள். அப்போது போலந்து என்ற நாடு கிடையாது, கவனியுங்கள். 1929இல், இறந்து 150 வருடம் ஆனபோது, காங்கிரஸ் அக்டோபர் 11ஐ நினைவு நாளாக்கியது. நியூயார்க்கில் அக்டோபரில் ஐந்தாம் அவென்யூவில் ஊர்வலம் போவது அந்தக் கணக்கில்தான்.

நம் ஊரில் 1933. மேயர் ஆன்டன் செர்மாக் மயாமியில் சுடப்பட்டு இறந்துபோனார், அவர் செக் இனத்தவர், 22ஆவது தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அடுத்து வந்த எட்வர்ட் கெல்லி ஐரிஷ்காரர், போலிஷ் ஆதரவு தேவை. அதே வருடம் க்ராஃபோர்ட் அவென்யூ புலாஸ்கி ரோடு ஆனது. அந்தத் தெருக் கடைக்காரர்கள் சும்மா விடவில்லை, வழக்கு, மனு, சட்டத்திருத்தம் என்று இழுத்து மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1952இல்தான் ஓய்ந்தது. நகர எல்லை தாண்டினால் வடக்கே இன்றைக்கும் அதே சாலை க்ராஃபோர்ட்தான்.

அப்புறம்தான் 1977, மாநிலச் சட்டம், மார்ச் முதல் திங்கள். அடுத்த வருடத்திலிருந்து கொண்டாட்டம். 80களில் பள்ளி விடுமுறையும் ஆனது. மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை முதன்முதலில் சட்டம் போட்டு விடுமுறை ஆக்கிய மாநிலமும் இதே இலினாய்ஸ்தான், 1973. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் பின்னால் சிகாகோ மேயரான ஹெரால்ட் வாஷிங்டன். ஒரு சமூகத்துக்குத் தன் நாள் கிடைத்தால் பக்கத்துச் சமூகம் காலண்டரைப் புரட்டிப் பார்க்காமல் இருக்குமா?

ஆக, ரயில்வாசி சொன்ன வாக்கும் உண்மை. ஆனால் அதை ஏதோ கேவலம் போலச் சொல்லவேண்டியதில்லை. எண்ணிக்கை இருந்தும் மதிப்பில்லாமல் இருந்தவர்கள், எண்ணிக்கையை வைத்து மதிப்பை வாங்கினார்கள்.

ரயில்வாசி:
அண்ணே, நான் கேவலம் என்று எங்கே சொன்னேன்? வாக்குதான் என்றேன். நீங்கள் அதையே ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள் 😀

தேர்வுத்தாள்:
பள்ளிக்கூடப் பக்கம் என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன், அங்கேதான் இந்த விடுமுறை கரைந்துபோனது. பல வருடம் மாநிலம் முழுக்க பள்ளிகளுக்கு லீவு. தென் இலினாய்ஸில் ஒரு போலிஷ் குடும்பம்கூட இல்லாத சோளக்காட்டு ஊர்களிலும் லீவு. பிறகு சட்டத்தைத் தளர்த்தினார்கள். லிங்கன் பிறந்தநாள், கொலம்பஸ் தினம், புலாஸ்கி தினம் மாதிரி நாட்களில் வேண்டுமானால் பள்ளி நடத்திக்கொள்ளலாம், ஆனால் பொதுக்கூட்டம் போட்டு மக்கள் கருத்துக் கேட்கவேண்டும், அன்றைக்கு அந்த மனிதரைப் பற்றி வகுப்பில் ஏதாவது சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். ஒவ்வொரு பள்ளி மாவட்டமாகத் திறக்க ஆரம்பித்தார்கள். சிகாகோ பொதுப் பள்ளிகளே 2012இல் லீவை நிறுத்திவிட்டன. புலாஸ்கியின் கோட்டையிலேயே லீவு போயிற்று!

என் கருத்து இதுதான்: லீவு இருந்தபோது எந்தப் பிள்ளைக்கும் அவரைத் தெரியாது, கூடுதலாக ஒரு நாள் தூங்கினார்கள். பள்ளி நடக்கும்போது ஒரு இருபது நிமிடமாவது பிராண்டிவைன் காதில் விழுகிறது. என் மகள் பாசிமணியும் வண்ணக் காகிதமும் ஒட்டிக் குதிரை செய்துகொண்டு வந்தாள். குதிரைக்கு ஐந்து கால் இருந்தது, அது வேறு விஷயம்.

ஏரிக்கரை:
பள்ளி உண்டு, மத்திய அரசு அலுவலகம் உண்டு, தனியார் எல்லாம் உண்டு. அப்படியானால் கடைசியில் மிச்சம் இருப்பது நகராட்சி ஊழியர்களுக்கும் கவுண்டி ஊழியர்களுக்கும் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு, அவ்வளவுதானே?

பழைய பேப்பர்:
கிட்டத்தட்ட அப்படித்தான். ஊழியர்களுக்குக் கொடுத்த லீவைத் திரும்ப வாங்குவது எந்த ஊரிலும் நடக்காத காரியம். ஆனால் அன்றைக்கு மில்வாக்கி அவென்யூவில் இருக்கும் அமெரிக்கப் போலிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஸ்டனிஸ்வாவ் படோவ்ஸ்கி வரைந்த "சவானாவில் புலாஸ்கி" ஓவியம், சுவர் அளவுக்கு இருக்கும், அதன் முன்னால் மலர் வளையம். ஆளுநர், மேயர், நீதிபதி தேர்தலில் நிற்பவர் என்று வரிசையாக மேடையேறுவார்கள். மார்ச் மாதத்தில்தான் இங்கே உட்கட்சித் தேர்தல் வருகிறது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

சவானா வாசி:
ஜார்ஜியாக்காரனை இழுத்ததால் வந்துவிட்டேன். ஆமாம், மார்ச்சில் எங்களுக்கு லீவு இல்லை. ஆனால் ஆள் எங்களிடம்தான் இருக்கிறார். அதாவது, இருக்கிறாரா என்பதே 150 வருடம் வழக்காக இருந்தது.

1779 சண்டையைப் பற்றி முதலில். பிரிட்டிஷார் கையில் இருந்த சவானாவைப் பிரெஞ்சுத் தளபதி டெஸ்டாங்கும் அமெரிக்கத் தளபதி பெஞ்சமின் லிங்கனும் சேர்ந்து முற்றுகை போட்டார்கள். அக்டோபர் 9 விடியற்காலை நேரடித் தாக்குதல், படுதோல்வி, நம் பக்கம் சுமார் 800 பேர் செத்தும் அடிபட்டும் விழுந்தார்கள். புலாஸ்கிக்குப் பீரங்கியிலிருந்து வந்த இரும்புக் குண்டு இடுப்புக்குக் கீழே பாய்ந்தது. அந்தக் குண்டு இன்றைக்கும் ஜார்ஜியா வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது. இரண்டு நாளில் இறந்தார். வாஸ்ப் என்ற கப்பலில் இறந்து கடலில் போட்டுவிட்டார்கள் என்று அவருடைய படை அதிகாரி ஒருவர் எழுதினார். இல்லை, கிரீன்விச் தோட்டத்தில் இரவோடு இரவாகப் புதைத்தார்கள் என்று தோட்டக்காரக் குடும்பம் சொன்னது. 1850களில் அங்கே தோண்டி எடுத்த எலும்புகளை ஒரு இரும்புப் பெட்டியில் போட்டு மான்டரே சதுக்கத்து நினைவுத்தூணின் அடியில் வைத்தார்கள்.

1996இல் தூணைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது பெட்டி வெளியே வந்தது. ஆராய்ச்சியாளர்கள் பார்த்தால் இடுப்பெலும்பும் முக அமைப்பும் பெண்ணுடையவை போல இருக்கின்றன. வேறு யாருடைய எலும்போ என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். ஆனால் வயது, உயரம், ஆண்டுக்கணக்கில் குதிரை ஏறிய தடயம், கையில் பழைய காயம் எல்லாம் புலாஸ்கியோடு பொருந்தின. முதலில் செய்த டிஎன்ஏ சோதனையில் ஒன்றும் தெளிவாகவில்லை. 2005இல் மரியாதையோடு திரும்பப் புதைத்துவிட்டார்கள். எடுத்து வைத்திருந்த மாதிரியை வைத்து மறுபடி ஆராய்ந்து 2019இல் சொன்னார்கள்: தாய்வழி டிஎன்ஏ அவருடைய உறவுப் பெண்ணின் எலும்போடு ஒத்துப்போகிறது, இது புலாஸ்கிதான். அவர் இடைபாலினராகப் பிறந்திருக்கலாம், அட்ரினல் சுரப்பியில் பிறவியிலேயே ஏற்படும் ஒரு நிலை காரணமாக இருக்கலாம் என்பது அவர்களுடைய கருத்து. ஆணாகவே ஞானஸ்நானம், ஆணாகவே வளர்ப்பு, ஆணாகவே வாழ்வு. அவருக்கே இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

கீழ்த்தட்டு:
அப்போ அமெரிக்கக் குதிரைப்படையின் தந்தை என்று சொல்லப்படுபவர், தாய் ஆகிவிட்டாரா 😂

வடக்குப் பக்கம்:
இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பிராண்டிவைனில் குதிரையைத் திருப்பி எதிரி மேல் விட்ட அதே ஆள்தான். 2019க்கு முன்னால் ஒரு வீரம், பின்னால் ஒரு வீரமா? சிகாகோவில் பல போலிஷ் பெரியவர்கள் இந்தச் செய்தியைக் கேட்டு முகம் சுளித்தார்கள் என்பது உண்மை, ஆனால் எனக்கு மரியாதை கூடித்தான் போனது.

சவானா வாசி:
நன்றி. இன்னொரு விஷயம், இந்த இழையில் யாருமே சொல்லவில்லை. அதே சவானாச் சண்டையில் செயின்ட் டொமிங்குவிலிருந்து, அதாவது இன்றைய ஹைத்தியிலிருந்து, பிரெஞ்சுப் படையோடு வந்த கறுப்பின வீரர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், அடிமைகள் இல்லை, சுதந்திர மனிதர்கள். தாக்குதல் தோற்றபோது பின்வாங்கியவர்களைக் காத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு. அவர்களும் வெளிநாட்டில் பிறந்தவர்கள்தான், அதே மண்ணில் ரத்தம் சிந்தியவர்கள்தான். புலாஸ்கித் தூண் 1850களிலேயே வந்துவிட்டது. ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் ஹைத்தி வீரர்களின் சிலை வர 2007 ஆயிற்று.

பழைய பேப்பர்:
இதற்கு இங்கேயும் ஒரு ஜோடி உண்டு. சிகாகோவில் முதலில் நிலையாகக் குடியேறியவர் என்று சொல்லப்படும் டு சேபிள் ஹைத்தியில் பிறந்தவர் என்பது வழக்கு. நகரத்துக்கே ஆதி மனிதர். லேக் ஷோர் டிரைவுக்கு அவர் பெயரைச் சேர்க்க 2021 வரை இழுத்தது, அதற்கும் எத்தனை முனகல்! யாருக்கு எவ்வளவு சீக்கிரம் கல் நடப்படுகிறது என்பதில் செத்தவரின் தகுதி எத்தனை பங்கு, உயிரோடு இருப்பவர்களின் பலம் எத்தனை பங்கு என்று இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

ரயில்வாசி:
பெயர் வைப்பதைப் பற்றிப் பேசும்போது இதையும் போட்டு வைக்கிறேன். டென்னசியில் புலாஸ்கி என்று ஒரு ஊர் இருக்கிறது, அவர் நினைவாக வைத்த பெயர்தான். உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் தொடங்கப்பட்டது அந்த ஊரில்! பின்னாளில் வெளிநாட்டுக்காரனையும் கத்தோலிக்கனையும்கூட வெறுத்த கூட்டம், வெளிநாட்டில் பிறந்த கத்தோலிக்கன் பெயர் கொண்ட ஊரில் பிறந்திருக்கிறது.

ஏரிக்கரை:
நல்ல விவரங்கள், எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. சட்டப்படி இவர் அமெரிக்கக் குடிமகனா?

தேர்வுத்தாள்:
இறந்து 230 வருடம் கழித்து ஆனார். 2009 நவம்பரில் காங்கிரஸ் தீர்மானத்தில் ஒபாமா கையெழுத்திட்டார், கௌரவக் குடியுரிமை. அவருக்கு முன்னால் அது கிடைத்தவர்கள் ஆறே பேர், சர்ச்சில், வாலன்பெர்க், வில்லியம் பென்னும் மனைவி ஹன்னாவும், அன்னை தெரசா, லஃபாயெட். நம் ஆட்கள் கிரீன் கார்டு வரிசையில் புலம்பும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

வடக்குப் பக்கம்:
பழைய பேப்பர் அண்ணே, உங்கள் வாதத்திலேயே ஒரு ஓட்டை. சமூக பலம்தான் காரணம் என்றால் கோசியுஷ்கோவைப் பிடித்திருக்கலாமே? சரடோகாவில் அரண் அமைத்தவர், வெஸ்ட் பாயின்ட் கோட்டையைக் கட்டியவர், போலந்துக்குத் திரும்பி 1794இல் எழுச்சிக்கே தலைமை தாங்கியவர். தன் அமெரிக்கப் பணத்தை அடிமைகளை விடுவிக்கச் செலவிடுங்கள் என்று ஜெஃபர்சனிடம் உயில் எழுதிக் கொடுத்தவர். எப்படிப் பார்த்தாலும் புலாஸ்கியைவிட ஒரு படி மேல். அவருக்கு ஏன் திங்கட்கிழமை இல்லை?

பழைய பேப்பர்:
நல்ல கேள்வி. கோட்டை கட்டுபவனைவிடக் குதிரையில் பாய்ந்து சாகிறவன் ஓவியத்துக்கும் மேடைப் பேச்சுக்கும் வசதி, அது ஒன்று. கோசியுஷ்கோ 1817 வரை இருந்து சுவிட்சர்லாந்தில் இறந்தார், இவர் இந்த மண்ணிலேயே, இந்தப் போரிலேயே விழுந்தார். "உங்களுக்காகச் செத்தார்" என்று சொல்லும்போது எதிரில் இருப்பவன் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். அந்த உயிலையும் ஜெஃபர்சன் நிறைவேற்றவில்லை, பணம் கடைசியில் உறவினர்களுக்குப் போயிற்று, அதை மேடையில் சொன்னால் யாருக்கும் சுகமாக இருக்காது.

இன்னொன்று காலண்டர். கோசியுஷ்கோ பிறந்தது பிப்ரவரி 4. இலினாய்ஸில் பிப்ரவரியில் லிங்கனுக்கு ஒரு நாள், அதிபர் தினம் ஒன்று, ஏற்கெனவே கூட்டம். மார்ச் காலியாகக் கிடந்தது. இந்தக் கடைசிக் காரணம் என் சொந்த ஊகம், சட்டமன்றக் குறிப்பில் போய்த் தேடாதீர்கள்.